மழைக்காலத்துல மலையக ட்ரெயினை நம்பி வேலைக்குப் போறவங்களுக்கு: புதுசா வந்தவங்க தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது

நியமனம் கிடைச்சு யாழ்ப்பாணத்துல இருந்தோ மட்டக்களப்புல இருந்தோ மலையகத்துக்கு வந்திருக்கிற டீச்சர்மார், கண்டியில வேலை கிடைச்சு நாவலப்பிட்டி கம்பளைப் பக்கம் ரூம் எடுத்திருக்கிற தம்பி தங்கச்சிமார், பேராதனை கேம்பஸுக்கு வந்து போற பிள்ளைகள், பதுளை ஆஸ்பத்திரிக்கு மாசாமாசம் கிளினிக் போற பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க, இவங்க எல்லாருக்கும்தான் இத எழுதுறேன். வந்த புதுசுல எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், கோச்சி ஏன் இப்படி லேட்டாகுது, எங்க ஊர்ல மழையே இல்லையே, ஸ்டேஷன்ல கேட்டா ஒண்ணும் சரியா சொல்ல மாட்டேங்கிறாங்களேன்னு. அந்தக் கோபம் நியாயமான கோபம். காலையில அஞ்சு மணிக்கு எழும்பி, குளிர்ல பச்சைத் தண்ணியில மொகம் கழுவி, ஸ்டேஷனுக்கு ஓடி வந்து, அங்க ஒரு மணித்தியாலம் நின்னு, பிறகு பஸ்ஸுக்கு ஓடி, வேலைக்கு லேட்டா போயி கையெழுத்துப் புத்தகத்துல சிவப்புக் கோடு வாங்குறது என்னன்னு எங்களுக்கு நல்லாத் தெரியும். ஆனா இந்தப் பாதை எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதிக் கஷ்டத்த முன்கூட்டியே தவிர்க்கலாம், மீதிக்கு தயாரா இருக்கலாம்.

மொதல்ல பாதைய மனசுல ஏத்திக்கோங்க

கொழும்பு கோட்டையில இருந்து பதுளை வரைக்கும் கிட்டத்தட்ட 290 கிலோமீற்றர். கண்டிக்கு 1867ல பாதை வந்துச்சு, நாவலப்பிட்டிக்கு 1874ல, நானுஓயாவுக்கு 1885ல, பதுளைக்கு 1924ல. கோப்பியும் தேயிலையும் எறக்குறதுக்காகப் போட்ட பாதை இது, ஆளுங்க தினமும் வேலைக்குப் போய் வாரதுக்குன்னு திட்டம் போட்டு கட்டினது இல்ல, அதனாலதான் வளைவும் ஏத்தமும் இவ்வளவு. நாவலப்பிட்டி கடல் மட்டத்துல இருந்து 580 மீற்றர் போல, பட்டிப்பொலைக்குப் பக்கத்துல இருக்கிற உச்சி 1,898 மீற்றர். நாவலப்பிட்டியில கெளம்புற ட்ரெயின் அந்த ஒசரத்த 44 அடி போனா 1 அடி ஏறுற மாதிரி ஏத்தத்துல ஏறணும்.

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, கொழும்புல இருந்து ரம்புக்கனை வரைக்கும் ரெட்டைப் பாதை, ஏத்தம் தொடங்கினதும் ஒத்தைப் பாதை. மேல போற ட்ரெயினும் கீழ வார ட்ரெயினும் ஏதாவது ஒரு ஸ்டேஷன்லதான் ஒண்ண ஒண்ணு கடக்க முடியும், அதத்தான் கிராஸிங்னு சொல்றது. ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவுல ஒரே ஒரு ட்ரெயின்தான் இருக்கலாம். அதுக்கு டிரைவர் கையில டேப்லட் குடுக்கிறாங்க, பெரிய வளையம் மாதிரி ஒண்ணு, ஸ்டேஷன் மாஸ்டர் ஆள் நின்னு மாத்தி வாங்குறத நீங்க பாத்திருப்பீங்க, அது இல்லாம ட்ரெயின் அடுத்த பகுதிக்குள்ள போகாது. ரெண்டு ட்ரெயின் நேருக்கு நேர் வரக்கூடாதுங்கிறதுக்கான பாதுகாப்பு அது, அதுல அவசரப்பட முடியாது, படவும் கூடாது.

இப்ப இத யோசிச்சுப் பாருங்க. நீங்க தலவாக்கலையில ஏறி நாவலப்பிட்டிக்குப் போகணும். தலவாக்கலையில வெயில். ட்ரெயினும் ஓரளவு நேரத்துக்கு வந்துருச்சு. ஆனா கீழ ரொசெல்லப் பக்கம் ஒரு கல்லு பாதையில உருண்டு, மேல வாரவேண்டிய ட்ரெயின் அங்க நின்னுருச்சு. அது ஹட்டனுக்கு வந்து சேர்ந்தாத்தான் உங்க ட்ரெயினுக்கு வழி. அதனால உங்கள கொட்டகலையில நிப்பாட்டி வைப்பாங்க. கொட்டகலையில வெயில் பளிச்சுன்னு அடிக்குது, பெட்டிக்குள்ள இருக்கிறவங்க எல்லாரும் எதுக்குடா நிக்குறோம்னு தெரியாம ஸ்டேஷன்காரங்கள ஏசிக்கிட்டிருப்பாங்க. மலையக ட்ரெயின் லேட்டுல முக்கால்வாசி இந்த மாதிரிதான். அதனால புதுசா வந்தவங்களுக்கு நான் சொல்ற முதல் பாடம், உங்க தலைக்கு மேல இருக்கிற வானத்தப் பாத்து ட்ரெயின் வருமா வராதான்னு முடிவு செய்யாதீங்க. உங்க ட்ரெயின் எந்த ஊர்ல இருந்து வருது, எதிர்ல எது வருது, அந்த ரெண்டு பக்கமும் மழை எப்படின்னு பாருங்க.

மழை எப்ப எந்தப் பக்கம்

மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காத்து. அது மேற்குச் சரிவுல முட்டும். நாவலப்பிட்டி, இங்குருஓயா, கலபொட, வட்டவளை, ரொசெல்ல, ஹட்டன், இந்த வரிசைதான் அப்ப அடி வாங்கும். வட்டவளைப் பக்கம் மழை விடாம பல நாள் தொடர்ச்சியாப் பெய்யும், மண்ணு தண்ணிய குடிச்சு குடிச்சு ஊறிப் போயிருக்கும், மழை நின்ன பிறகுகூட சரியலாம். இந்தக் காலத்துல பதுளை, பண்டாரவளைப் பக்கம் காஞ்சு கெடக்கும், காத்து மட்டும் அள்ளிக்கிட்டுப் போகும்.

டிசம்பர்ல இருந்து பெப்ரவரி வரைக்கும் வடகீழ் பருவக்காத்து, அப்ப கதை தலைகீழ். ஹப்புத்தளை, தியத்தலாவ, பண்டாரவளை, எல்ல, தெமோதரை, பதுளைப் பக்கம் மழை, ஹட்டன்ல குளிரும் வெயிலும். பட்டிப்பொலைக்கு அங்கிட்டு இருக்கிற சுரங்கத்துக்குள்ள மழையில நுழைஞ்சு மறுபக்கம் வெயில்ல வெளிய வாரத நீங்களே ஒரு நாள் பாப்பீங்க.

ரெண்டு பருவத்துக்கும் நடுவுல இருக்கிற ஒக்டோபர் நவம்பர்தான் எல்லாத்துலயும் பயப்பட வேண்டிய காலம், ஏன்னா அப்ப ரெண்டு பக்கமும் பெய்யும், வங்காள விரிகுடாவுல தாழமுக்கம் உருவாகுறதும் அப்பதான். கொஸ்லாந்தை மீரியபெத்தையில லயத்த, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள, மண்ணு மூடினது 2014 ஒக்டோபர் 29. டித்வா புயல் வந்தது 2025 நவம்பர் கடைசி, அதுல மலைப்பாதை ஒரு எடம் ரெண்டு எடம் இல்ல, பல இடத்துல அடியோட போச்சு, தண்டவாளத்துக்குக் கீழ மண்ணு இல்லாம தொங்கிக்கிட்டிருந்த எடமெல்லாம் படமா வந்துச்சு. உயர்தரப் பரீட்சையே நடுவுல நின்னு போச்சு. அந்த மாதிரி பெரிய அழிவுக்குப் பிறகு பாதைய துண்டு துண்டாத்தான் திறப்பாங்க, பழைய நேரசூசிய நம்பி வீடு பாக்காதீங்க. ரூம் எடுக்க முன்ன, உங்க ஸ்டேஷனுக்கும் வேலைத்தலத்துக்கும் நடுவுல இப்ப என்ன ட்ரெயின் ஓடுதுன்னு ஸ்டேஷனுக்கே நேர்ல போயி கேளுங்க.

மார்ச் ஏப்ரல்ல காலை நல்லா இருக்கும், பின்னேரம் இடி மின்னலோட கொட்டும். அப்ப காலை ட்ரெயின நம்பலாம், பின்னேர ட்ரெயினுக்குத்தான் மாத்து வழி யோசிச்சு வச்சுக்கணும்.

மழை ட்ரெயினுக்கு என்ன செய்யுது

மண்சரிவு மட்டும்தான் காரணம்னு நினைக்காதீங்க. சாதாரண தூறல்லயே லேட்டாகும். தண்டவாளத்துல ஈரமும் சருகும் சேந்து வழுக்கும், ஏத்தத்துல இஞ்சின் சில்லு ஒரே எடத்துல சுத்தும், டிரைவர் மணல் விட்டு விட்டுத்தான் ஏத்துவாரு. சில நேரம் ஏற முடியாம கொஞ்சம் பின்னால வந்து மறுபடி முயற்சி செய்வாங்க, புது ஆளுங்க பயந்துருவாங்க, பயப்பட வேண்டாம்.

மூடுபனி வந்தா சிக்னல் கண்ணுக்குத் தெரியாது, மெதுவாத்தான் போகணும். நானுஓயாவுக்கும் ஒஹியவுக்கும் நடுவுல இது அடிக்கடி நடக்கும். காத்தடிச்சா டர்பன்டைன் மரமும் யூக்கலிப்டஸும் பாதையில விழும், வெட்டி இழுக்க ஆள் வரணும், அந்த ஆளுங்களும் அதே பாதையிலதான் வரணும்.

அப்புறம் வேகக் கட்டுப்பாடு. ஒரு எடத்துல மண்ணு லேசா இளகிருந்தா அங்க ட்ரெயின நடக்கிற வேகத்துல விடச் சொல்லி டிரைவருக்கு ஓர்டர் குடுத்திருவாங்க. அது ஒரு நாளோட முடியாது, வாரக்கணக்குல, மாசக்கணக்குல இருக்கும். உங்க ட்ரெயின் தினமும் ஒரே எடத்துல ஊர்ந்து போகுதுன்னா காரணம் அதுதான், அந்தப் பத்துப் பதினஞ்சு நிமிஷத்த உங்க கணக்குல நிரந்தரமா சேத்துக்கோங்க.

ஒண்ணு சொல்லணும். ராத்திரி மழையில, அட்டை கடிக்க கடிக்க, கையில லாம்பு புடிச்சு பாதையில நடந்து பாக்குற ஆளுங்க இருக்காங்க. காலையில நீங்க ஏறுற மொத ட்ரெயினுக்கு முன்ன அவங்க நடந்திருப்பாங்க. "பாதை பாத்து முடியல, அதனால ட்ரெயின் விடல"ன்னு ஸ்டேஷன்ல சொன்னா அந்தப் பதில மதிங்க. அந்த லேட்டு உயிரக் காப்பாத்துற லேட்டு.

முந்தின நாள் ராத்திரி செய்ய வேண்டியது

தூங்க முன்ன பத்து நிமிஷம் போதும். வளிமண்டலவியல் திணைக்களத்தோட அறிவித்தல் தமிழ்லயும் வரும், அதுல உங்க மாவட்டம் மட்டும் பாக்காம ட்ரெயின் வார மாவட்டத்தையும் பாருங்க. நுவரெலியா, கண்டி, பதுளை மூணும் பாத்துட்டா இந்தப் பாதைக்குப் போதும், கீழ இருந்து வார ட்ரெயின்னா கேகாலையும்.

அடுத்தது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுற மண்சரிவு எச்சரிக்கை. மஞ்சள்னா கவனமா இருங்க, செம்மஞ்சள்னா தயாரா இருங்க, சிவப்புன்னா வெளியேறுங்க. 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீற்றர் தாண்டினாலே கவனிக்கத் தொடங்குவாங்க, 100 தாண்டினா எச்சரிக்கை, 150 தாண்டினா வெளியேறச் சொல்லுவாங்க. இந்த எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவு பேர்ல வரும், புதுசா வந்தவங்களுக்கு அந்தப் பேரு குழப்பும். வட்டவளைப் பக்கம் அம்பகமுவ, நாவலப்பிட்டிப் பக்கம் பஸ்பாகே கோரளை, மேல நுவரெலியா, அங்கிட்டு ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, ஹாலிஎல. இத ஒரு தாள்ல எழுதி ரூம் கதவுல ஒட்டி வச்சுக்கோங்க. அம்பகமுவவுக்கு செம்மஞ்சள் போட்டிருந்தா நாளைக்கு ஹட்டன் நாவலப்பிட்டி ட்ரெயின நம்பாதீங்க, வந்தா லாபம்னு வச்சுக்கிட்டு பஸ் நேரத்துக்கு எழும்புங்க. சிவப்பு போட்டிருந்தா ட்ரெயின் பஸ் ரெண்டையும் மறந்துட்டு, அதிபருக்கோ மேனேஜருக்கோ ராத்திரியே சொல்லிருங்க. நீங்க தங்கியிருக்கிற எடமே மண்மேட்டுக்குக் கீழ இருந்தா வேலைய விட அதுதான் முதல்ல யோசிக்கவேண்டியது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட இலக்கம் 117, ஃபோன்ல சேவ் பண்ணிக்கோங்க.

ரயில்வே விசாரணை இலக்கம் 1971. மழை நாள்ல எல்லாரும் ஒரே நேரத்துல எடுப்பாங்க, லைன் கிடைக்கிறது கஷ்டம், அதனால விடிய முன்னயே எடுத்துப் பாருங்க. உங்க ஸ்டேஷன் ஃபோன் நம்பரையும் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க.

ஆனா இது எல்லாத்தையும் விட வேகமா வேலை செய்யுறது ஆளுங்கதான். ஒவ்வொரு ட்ரெயினுக்கும் தினமும் போறவங்க ஒரு வட்டம் இருக்கும், வாட்ஸப் குரூப்பும் இருக்கும். முதல் வாரத்துலயே ஒரே பெட்டியில தொடர்ந்து ஏறி மொகம் பழகிக்கோங்க, "அண்ணே நான் புதுசு, குரூப்ல என்னையும் போடுங்க"ன்னு வாய்விட்டுக் கேளுங்க, யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. சேந்த பிறகு சும்மா வாசிச்சுக்கிட்டு மட்டும் இருக்காதீங்க, உங்க ஸ்டேஷன்ல ட்ரெயின் எத்தனை மணிக்குக் கெளம்புச்சுன்னு நீங்களும் போடுங்க. அடுத்த ஸ்டேஷன்ல பிள்ளையத் தூக்கிக்கிட்டு நிக்கிற யாரோ ஒரு அக்காவுக்கு அது உதவும்.

ஸ்டேஷன்ல எப்படிக் கேக்குறது

"ட்ரெயின் எப்ப வரும்"னு கேட்டா "லேட்டாகும்"னுதான் பதில் வரும். அவரும் உண்மையிலேயே அவ்வளவுதான் சொல்ல முடியும். இப்படிக் கேளுங்க: "சேர், ட்ரெயின் இப்ப எந்த ஸ்டேஷன விட்டுருக்கு? கிராஸிங் எங்க போட்டிருக்கு? பாதை கிளியரா?" இந்த மூணுக்கும் அவர்கிட்ட சரியான பதில் இருக்கும், ஏன்னா அடுத்த ஸ்டேஷனோட அவர் பேசிக்கிட்டேதான் இருக்காரு. பதில் வந்ததும் கணக்கு நீங்க போடுங்க. நானுஓயாவ விட்டுருச்சுன்னா தலவாக்கலைக்கு நடுவுல ராதெல்ல, கிரேட் வெஸ்டர்ன், வட்டகொடை இருக்கு. சாதாரண நாள்ல எவ்வளவு நேரம் எடுக்கும்னு உங்களுக்குத் தெரியும், மழைன்னா அதுக்கு மேல கொஞ்சம் போடுங்க. நானுஓயாவுக்கே வரலன்னு சொன்னா நிக்காதீங்க. பாதை கிளியர் இல்லன்னு சொன்னா ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க, அது மணிக்கணக்கு, சில நேரம் நாள்கணக்கு.

ஸ்பீக்கர்ல பெரும்பாலும் சிங்களத்துல வேகமா சொல்லிட்டுப் போயிருவாங்க, "பரக்குய்"னு கேட்டா லேட்டு, "அவலங்குய்"னு கேட்டா அந்த ட்ரெயினே இல்ல. புரியலன்னா பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட கேளுங்க, சிங்கள ஆளுங்களும் தெரிஞ்ச தமிழ்ல சொல்லத்தான் பாப்பாங்க, பிளாட்ஃபோர்ம்ல நிக்கிற எல்லாருக்கும் ஒரே கஷ்டம்தான். தமிழ்லயும் அறிவிக்கணும்னு கேக்குறது உங்க உரிமை, அத மரியாதையா ஆனா விடாம கேளுங்க. தமிழ் ஆளுங்க இவ்வளவு பேர் ஏறி இறங்குற ஸ்டேஷன்ல அது ஒரு சலுகை இல்ல.

பஸ்ஸுக்கு மாறுற நேரத்த வீட்டுலயே முடிவு செய்ங்க

இதுதான் எல்லாத்துலயும் முக்கியம்னு நான் நினைக்கிறேன். ஸ்டேஷன்ல நிக்கும்போது மனசு என்ன சொல்லும்னா, இவ்வளவு நேரம் நின்னாச்சு, இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்போம். அந்த அஞ்சு நிமிஷம் முடிஞ்சா இன்னொரு அஞ்சு நிமிஷம். அப்படியே ஸ்கூல் முதல் பாடவேளை போயிரும். அதனால வேலைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரணுமோ அதுல இருந்து பஸ் ஓடுற நேரத்தக் கழிங்க, பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற நேரத்தக் கழிங்க, மழையில பஸ்ஸும் மெதுவாப் போகும்னு இன்னொரு 20 நிமிஷம் கழிங்க. வார நேரம்தான் உங்க எல்லை. அந்த நேரத்துக்கு ட்ரெயின் கண்ணுக்குத் தெரியலன்னா பிளாட்ஃபோர்ம விட்டு வெளிய வந்துருங்க. நீங்க வெளிய வந்த அடுத்த நிமிஷம் ட்ரெயின் வந்தாலும் வரட்டும், கணக்கு மாசத்துக்குப் பாருங்க, ஒரு நாளைக்குப் பாக்காதீங்க.

பஸ் பாதையையும் தெரிஞ்சு வச்சுக்கணும், ஏன்னா ட்ரெயின் பாதையும் றோட்டும் சில எடத்துல ஒரே மலையிலதான் ஒட்டிக்கிட்டுப் போகுது. ஹட்டன்ல இருந்து நாவலப்பிட்டிக்கு பஸ்ல போறதுன்னா வட்டவளை தாண்டி கினிகத்தேனை வழியாத்தான். வட்டவளைப் பக்கம் மலை சரிஞ்சா ட்ரெயினும் இல்ல, றோட்டும் மூடிருப்பாங்க. அப்படி ஒரு நாள் வந்தா சுத்து வழி தேடி அலையாதீங்க, வீட்டுக்குத் திரும்புங்க. தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன் பக்கம் றோட்டு ஓரளவு பரவால்ல, பஸ் அடிக்கடி இருக்கு. நானுஓயாவுல எறங்கி நுவரெலியா டவுனுக்குப் போறவங்களுக்கு 8 கிலோமீற்றர் போல, பஸ் இல்லன்னா ரெண்டு மூணு பேர் சேந்து ஒரு த்ரீவீல் எடுங்க, விலைய ஏற முன்னயே பேசிருங்க, மழை நாள்ல கூட்டிக் கேப்பாங்க. பண்டாரவளையில இருந்து பதுளைக்கு ஹாலிஎல வழியா பஸ் தாராளம், அந்தப் பக்கம் வேலை செய்றவங்களுக்கு மாத்து வழி லேசு. ஒஹிய, இதல்கஸ்ஸின்ன பக்கம் இருக்கிறவங்களுக்குத்தான் உண்மையான கஷ்டம், ட்ரெயின விட்டா நம்பி நிக்க வேற ஒண்ணும் இல்ல. அங்க நியமனம் வந்தா தங்குற எடத்த வேலைக்குப் பக்கத்துலயே பாருங்க, தினமும் வந்து போலாம்னு கணக்குப் போடாதீங்க.

டிக்கெட், சீசன்

சீசன், அதாவது தினமும் போறவங்க மொத்தமா எடுக்கிற டிக்கெட், எடுக்க முன்ன ஒரு மாசம் சாதாரண டிக்கெட்ல போய்ப் பாருங்க. மழைக்காலத்துல எத்தனை நாள் ட்ரெயின விட்டு பஸ்ல போறீங்கன்னு எண்ணிட்டு, அப்பவும் லாபம்னா சீசன் எடுங்க. சீசன் எல்லா ட்ரெயினுக்கும் செல்லாது, எது எதுக்குச் செல்லும்னு கவுண்டர்லயே கேட்டுருங்க, பெட்டிக்குள்ள செக்கர்கிட்ட விவாதம் செய்றது வீண். அரசாங்க வேலைக்காரங்க சலுகைய உங்க கிளார்க்கிட்ட கேளுங்க. டிக்கெட் எடுத்த பிறகு ட்ரெயின் ரத்துன்னு அறிவிச்சா டிக்கெட்ட கசக்கி எறியாம கவுண்டருக்குக் கொண்டு போங்க, காசு திருப்பிக் கேக்குறதுக்கு அது வேணும்.

நடுக்காட்டுல நின்னுட்டா

ஒரு நாள் இது உங்களுக்கும் நடக்கும். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ட்ரெயின் நிக்கும், லைட் போகும், ஃபோன்ல சிக்னல் இருக்காது. ட்ரெயினுக்குப் பொறுப்பா வார கார்ட் எந்தப் பெட்டியில இருக்காருன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க, கடைசிப் பெட்டிப் பக்கம்தான் பெரும்பாலும், தகவல் அவர்கிட்டத்தான் கிடைக்கும்.

எறங்கி நடக்காதீங்க. இத அழுத்திச் சொல்றேன், ஏன்னா பையன்மார் செய்யுறாங்க. இந்தப் பாதையில நாப்பதுக்கு மேல சுரங்கம் இருக்கு, ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவுல இருக்கிற சிங்கமலை சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கு மேல நீளம், உள்ள இருட்டு, ஒதுங்கி நிக்க எடம் கம்மி. பாலத்துல நடக்கும்போது கால் வழுக்கினா கீழ ஆறு. மண்ணு சரிஞ்ச எடத்துக்குப் பக்கத்துல போறது அதவிட மோசம், ஒரு தரம் சரிஞ்ச மலை மறுபடி சரியும். உங்களுக்குத் தெரியாம எதிர்ப்பக்கத்துல இருந்து உதவி இஞ்சின் ஒண்ணு வந்துக்கிட்டிருக்கலாம். பெட்டிக்குள்ள இருக்கிறதுதான் பாதுகாப்பு. கார்ட் எறங்கச் சொன்னா மட்டும் எறங்குங்க, அவர் சொல்ற பக்கத்துல எறங்குங்க.

பாதை ஒரு எடத்துல அடைபட்டா சில நேரம் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பஸ் போட்டு மாத்துவாங்க. அப்படி அறிவிச்சா முதல் பஸ்ஸுக்கு முண்டியடிக்காம வயசானவங்களையும் பிள்ளைத்தாச்சிகளையும் முன்னால விடுங்க.

மழையில ஃபுட்போர்ட்ல தொங்காதீங்க. கம்பி வழுக்கும், பாதையோரத்துல வளந்த கொப்பு மூஞ்சியில அடிக்கும், சுரங்கத்துச் சுவர் கைக்கெட்டுற தூரத்துல இருக்கும். பெட்டி நிரம்பி வழியுற நாள்ல, அதுவும் எல்லப் பக்கம் வெளிநாட்டு ஆளுங்க வார சீசன்ல, உள்ள போக எடமே இருக்காது, தினமும் வேலைக்குப் போறவங்களுக்கு அது பெரிய அநியாயமாத்தான் படும். அந்த நாள்ல கதவுல தொங்குறத விட பஸ்ல போயிருங்க. நடுப்பெட்டிகள்லதான் கூட்டம் சேரும், முன் பெட்டிக்கோ பின் பெட்டிக்கோ நடந்து போய் நில்லுங்க, ஓரளவு எடம் கிடைக்கும்.

பையில என்ன இருக்கணும்

குடை போதாது, காத்துல திரும்பிரும், மழைக்கோட்டு ஒண்ணு வாங்கிக்கோங்க. ஸ்வெட்டர் எப்பவும் பையில இருக்கட்டும், கீழ வேர்த்தாலும் நானுஓயாவுல பல்லு அடிக்கும். தண்ணி, ஒரு பிஸ்கட் பாக்கெட், சார்ஜ் ஏத்தின பவர் பேங்க், சின்ன டோர்ச், மாத்திரை எடுக்கிறவங்க ஒரு நாளுக்கு மேலதிகமா மாத்திரை. வேலைக்குப் போட்டுட்டுப் போற சப்பாத்த பொலித்தீன்ல சுத்தி வச்சுட்டு ரப்பர் செருப்புல நடங்க. மாத்துக் காலுறை ஒரு ஜோடி. பஸ்ஸுக்கும் த்ரீவீலுக்கும் தனியா காசு, சில்லறையா, அத வேற எதுக்கும் எடுக்காதீங்க. வட்டவளைப் பக்கம் எறங்கி நடக்கிறவங்க உப்போ சவர்க்காரமோ கொஞ்சம் வச்சுக்கிட்டா அட்டைக்கு உதவும்.

வேலைத்தலத்துல

லேட்டான பிறகு காரணம் சொன்னா யாருக்கும் கேக்கப் புடிக்காது. வேலையில சேந்த முதல் வாரத்துலயே அதிபர்கிட்டயோ மேலதிகாரிகிட்டயோ போயி, "நான் இந்த ட்ரெயின்ல வாரேன், மழைக்காலத்துல இந்தப் பகுதி அடைபடும், அப்படி ஆனா இத்தனை மணிக்குள்ள அறிவிப்பேன், பஸ்ல வந்து சேருவேன்"னு சொல்லி வைங்க. சொன்ன மாதிரி நடந்துக்கோங்க. லேட்டான நாள்ல ஸ்டேஷன் போர்ட்டையும் டிக்கெட்டையும் ஒரு படம் எடுத்து வச்சுக்கிட்டா பிறகு பேச்சு வந்தா காட்டலாம். டீச்சர்மார் மழை மாசங்கள்ல முதல் பாடவேளை வேணாம்னு நேரசூசி போடுறவர்கிட்ட முன்கூட்டியே கேட்டுப் பாக்கலாம், கிடைச்சா பிள்ளைகளுக்கும் பாடம் போகாது. மேற்பார்வைக்குப் போற பரீட்சை, நேர்முகத் தேர்வு, கோர்ட் தவணை, ஒப்பரேஷன் திகதி, இந்த மாதிரி தவறவே கூடாத நாள்ல காலை ட்ரெயின நம்பவே நம்பாதீங்க, முந்தின நாள் பின்னேரமே போயி அங்க தெரிஞ்சவங்க வீட்டுல தங்கிருங்க. பிள்ளைகள் பரீட்சை எழுதுறதா இருந்தா இது இன்னும் கட்டாயம்.

தினமும் ஒரே ட்ரெயின் ஒரே காரணத்தால லேட்டாகுதுன்னா தனித்தனியா ஏசிக்கிட்டிருக்காம, குரூப்ல இருக்கிறவங்க திகதி, நேரம், நின்ன எடம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஸ்டேஷன் மாஸ்டர் ஊடா மேல அனுப்புங்க. நேரசூசிய பத்து நிமிஷம் மாத்தினா தீருற பிரச்சினை நிறைய இருக்கு, ஆனா எழுத்துல கேக்காத வரைக்கும் அது யார் மேசைக்கும் போகாது. கவுண்டர்ல இருக்கிற ஆளத் திட்டாதீங்க, மலைய அவர் சரிக்கல.

திரும்பி வாரது

காலையில லேட்டானா வேலைதான் கெடும், பின்னேரம் லேட்டானா ராத்திரி நடக்கிற பாதையில நிக்கணும். ஸ்டேஷன்ல இருந்து தோட்டத்துக்கு ரெண்டு மூணு கிலோமீற்றர் நடக்கிறவங்க, முக்கியமா பொம்பளைப் பிள்ளைகள், பின்னேர ட்ரெயினுக்கு வச்சிருக்கிற எல்லை நேரத்த காலைய விட முன்னுக்கு வைங்க. கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு தெரியாம கடைசி ட்ரெயினுக்குக் காத்திருக்காதீங்க. எந்தப் பஸ்ல ஏறினாலும் ட்ரெயின்ல ஏறினாலும் வீட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டுருங்க, சிக்னல் போறதுக்கு முன்ன. ஒரே ஸ்டேஷன்ல எறங்குறவங்க சேந்து நடங்க. இடையில ஒரு டவுன்ல, ஹட்டனோ நாவலப்பிட்டியோ பண்டாரவளையோ, ராத்திரி தங்கக்கூடிய ஒரு வீட்ட மழை தொடங்க முன்னயே பாத்துப் பேசி வச்சுக்கோங்க, கூட வேலை செய்றவங்க யாராவது கட்டாயம் இருப்பாங்க, அவங்க வீட்டுல ஒரு மாத்து உடுப்பு வச்சிருந்தா அடுத்த நாள் அங்க இருந்தே வேலைக்குப் போயிரலாம்.